மழையும் வெயிலும் இரண்டு தேன் பெட்டிகளும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

நெல்லிக்குப்பம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை. 1842-ஆம் ஆண்டு இங்கே தோன்றிய பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலை இந்தியாவின் மிகப் பழைய ஆலைகளுள் ஒன்று. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். காற்றில் வரும் பாகு வாடையை வைத்தே, ஆலை ஓடுகிறதா நிற்கிறதா என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லிவிடுவார்கள். இப்படிப்பட்ட இனிப்பான ஊரில் தேனீக்குப் பஞ்சம் வருமா? வரும். வந்தது. அதைக் கண்ணால் கண்ட நாங்கள் இங்கே எழுதுகிறோம்.

கரும்பு எத்தனை ஏக்கர் விளைந்தாலும் தேனீக்கு அதனால் பயனில்லை. கரும்பு புல் இனத்தைச் சேர்ந்தது. அதன் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்த்துவிடும். இனிப்பெல்லாம் தண்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கடைத்தெருவில் கரும்புச் சாறு பிழியும் வண்டியைச் சுற்றித் தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூட்டு உடைந்த இடத்தில் வந்து பொறுக்கிச் செல்கின்றன, அவ்வளவுதான். நம் ஊர்த் தேனீக்கு உண்மையில் சோறு போடுபவை தென்னை, முருங்கை, வேம்பு, புங்கம், புளி ஆகிய மரங்களும், வீட்டுத் தோட்டத்துக் காய்கறிப் பூக்களுமே. மேற்கே பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரியும் உண்டு.

2024-ஆம் ஆண்டு ஜனவரியில், நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் தோட்டக் குழுவுக்கு இரண்டு தேன் பெட்டிகள் வந்தன. முந்திரித் தோப்பில் தேனீ வளர்க்கும் ஒருவரிடம் எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர் சொல்லி வைத்து வாங்கினார்கள். இரவில் வாசலை அடைத்துக் கொண்டுவந்து, மதிலோரப் புங்க மரத்தடியில், கால் உயர்ந்த முக்காலிகள் மேல் வைத்தார்கள். முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு தண்ணீர்க் கிண்ணம். எறும்பு ஏறாமல் இருக்க இதுவே வழி. பெட்டி வாசல் கிழக்கே பார்த்தது. காலை வெயில் பட்டால் தேனீக்கள் சீக்கிரம் வேலைக்குக் கிளம்புமாம்.

நம் நாட்டில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ எனப் பல வகை உண்டு. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒரே ஓர் அடை கட்டி வாழ்பவை; பெட்டிக்குள் அடங்கமாட்டா. மரப்பொந்தில் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீதான் பெட்டிக்கு ஏற்றது. வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயையும் பலர் வளர்க்கிறார்கள். எங்களுடையது நாட்டு அடுக்குத்தேனீ.

பெட்டியின் பெயர் ‘நியூட்டன் பெட்டி’. ஆப்பிள் விழக் கண்ட நியூட்டனே தேன் பெட்டியும் செய்தாராக்கும் என்று நாங்கள் வியந்தோம். சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். இவர் வேறு நியூட்டன். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த சேசு சபைக் குரு. 1910-ஆம் ஆண்டை ஒட்டி, நம் நாட்டுத் தேனீயின் உடலுக்கும் குடும்ப அளவுக்கும் பொருந்தும் சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அதற்கு முன் தேன் வேண்டுமென்றால் அடையைப் பிய்த்துப் பிழிவார்கள். புழுவும் தேனும் சேர்ந்தே நசுங்கும், குடும்பம் அழியும். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற போதகர் 1851-இல் ஒரு சிறு உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். அடைகளுக்கிடையே தேனீக்கள் நடமாட ஒரு குறிப்பிட்ட இடைவெளி விடுகின்றன. அதைவிடக் குறுகிய சந்தைப் பிசினால் அடைத்துவிடும். அகன்ற சந்தில் புது அடை கட்டிவிடும். அந்த இடைவெளியைச் சரியாக விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், எந்த அடையையும் உடைக்காமல் வெளியே எடுத்துப் பார்க்கலாம். இந்த உண்மையை நம் தேனீயின் அளவுக்குக் கொண்டுவந்ததே நியூட்டன் பெட்டி. கீழே ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதன்மேல் தேன் அறை, அதன்மேல் கூரை.

பெட்டி அருகே போக எங்களுக்குச் சில கட்டளைகள் இருந்தன. தலையில் மல்லிகை வைக்கக் கூடாது. வாசனை எண்ணெய், பவுடர் கூடாது. வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது. பின்புறமாகவோ பக்கவாட்டிலோ நிற்க வேண்டும். எங்கள் சீருடைப் பாவாடை கருநீலம். கரிய நிறம் தேனீக்குப் பிடிக்காது என்பதால் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு போவோம். எங்களைப் பார்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் “பேய் வருது!” என்று ஓடியதும் உண்டு. கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இன்னும் விஷம் ஏறும். எங்களில் கொட்டு வாங்காதவர் ஒருவருமில்லை.

இனி வெயிலும் மழையும் தேனீயை என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

புழு அறையின் உள்ளே எந்நாளும் ஏறத்தாழ 34, 35 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். அதற்கு மிகக் குறைந்தாலும் கூடினாலும் புழுக்கள் ஒழுங்காக வளரா. மே மாதக் கத்திரி வெயிலில் நம் ஊரே கொதிக்கும்போது தேனீக்கள் என்ன செய்யும்? தண்ணீர் எடுத்து வந்து அறைகளின் விளிம்பில் துளித்துளியாகத் தடவி, வாசலில் வரிசையாக நின்று சிறகுகளை விசிறும். நம் வீட்டில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது போலத்தான். பிற்பகலில் பெட்டியருகே காதை வைத்தால் ‘ம்ம்ம்’ என்ற ஓசை கேட்கும். நாங்கள் அகன்ற மண் தட்டில் தண்ணீர் ஊற்றி, கூழாங்கற்களும் சுள்ளிகளும் போட்டு வைத்தோம். கல் இல்லாத தட்டில் வைத்த முதல் நாள், பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் மூழ்கிக் கிடந்தன. பெட்டி மேல் ஈரச் சாக்கு விரித்தோம். கோடை எங்களுக்கு அதிகக் கஷ்டம் தரவில்லை. வேம்பும் புங்கமும் பூத்தன. ஜூன் தொடக்கத்தில் முதல் தேன் எடுத்தோம். சட்டங்களை ஒரு பாத்திரத்துக்குள் சுழற்றும் கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்து வழியும்; அடை உடையாமல் திரும்பப் பெட்டிக்கே போகும். அறைகளின் பெரும் பகுதி மெழுகால் மூடப்பட்ட பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துப் போகும்.

மேகமூட்டமான நாளில் தேனீ வழி தவறாதா என்று எங்களுக்குச் சந்தேகம் வந்தது. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, இருட்டான அடை மேல் நடனமாடித் தோழிகளுக்கு வழி சொல்கிறது. நேர் மேலே நோக்கி ஆடினால் ‘சூரியன் இருக்கும் பக்கம் போ’ என்று பொருள். வலப்பக்கம் எத்தனை கோணம் சாய்ந்து ஆடுகிறதோ, சூரியனுக்கு வலப்பக்கம் அத்தனை கோணத்தில் பூ இருக்கிறது. இந்த மொழியைப் படித்துச் சொன்னவர் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ். 1973-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். சூரியன் மறைந்திருந்தாலும், நீல வானம் ஒரு துண்டு தெரிந்தால் போதும். அந்த ஒளியின் அமைப்பைக் கொண்டே சூரியன் எங்கே என்று தேனீ அறிந்துகொள்ளும். நமக்கு அந்தக் கண் இல்லை. ஆகவே மேகம் அவ்வளவு பெரிய தடையன்று. மழைதான் தடை. மழையில் தேனீ பறப்பதில்லை; பூவிலுள்ள தேனும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் கடைசியில், பள்ளிப் பொருட்காட்சிக்கு எங்கள் குழு சார்பில் பத்துத் தேன் பாட்டில்களாவது வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். தேன் அறைகளில் கோடைத் தேன் மிச்சம் இருந்தது. தோட்டக்காரத் தாத்தா எங்களிடம், “கண்ணுங்களா, ஐப்பசி கார்த்திகை அடைமழை முன்னாடி நிக்குது. அதுங்க சாப்பாட்ட அதுங்களுக்கு வச்சிட்டு எடுங்க” என்றார். “சரி தாத்தா” என்று தலையாட்டினோம். பிறகு இரண்டாம் பெட்டியைத் திறந்து, தேன் அறையை முழுக்க வழித்தோம். பாட்டில் நிரம்பவில்லை என்று புழு அறையின் ஓரத்து இரண்டு சட்டங்களில் இருந்த தேனையும் எடுத்தோம். சிஸ்டர் அன்று ஊரில் இல்லை. முதல் பெட்டியையும் அப்படியே செய்திருப்போம். ஆனால் அந்தப் பெட்டித் தேனீக்கள் சற்றுக் கோபக்காரிகள். கூரையைத் தூக்கியதும் மூன்று பேரைக் கொட்டிவிட்டன. பயந்து மூடிவிட்டோம்.

பொருட்காட்சியில் எங்கள் மேசைக்கு முதல் பரிசு கிடைத்தது.

அக்டோபரில் மழை தொடங்கியது. கடலூர்ப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்வதுதான். பூக்கள் குறைந்தன. சிஸ்டர் திரும்பி வந்ததும் நடந்ததை அறிந்து, எங்களைத் திட்டவில்லை. ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மாலையில்தான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாடை பிடித்து வேறு கூட்டுத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். எந்தக் கரும்பு பூவில் தேன் தராமல் இருந்ததோ, அதே கரும்பின் சர்க்கரைதான் இப்போது எங்கள் தேனீக்களுக்கு உணவு! வாரம் இருமுறை வைத்தோம். நவம்பர் கடைசி வரை இரண்டு பெட்டிகளும் உயிரோடு இருந்தன.

நவம்பர் 30-ஆம் தேதி மாலை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடக்கத் தொடங்கி, நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் வேரோடு சாய்த்தபோது நாங்கள் கைக்குழந்தைகள். அம்மா சொல்லித்தான் தெரியும். இந்தப் புயலை நாங்களே பார்த்தோம். எங்கள் குழுவில் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் இருவர் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். பாடப் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு உறவினர் வீட்டில் தங்கினார்கள். பள்ளிக்கு விடுமுறை. அப்போது தேனீயை யார் நினைத்தார்கள்? தாத்தா ஒருவர்தான் நினைத்தார். புயலுக்கு முதல் நாள் பெட்டிகளைக் கயிற்றால் புங்க மரத்தோடு கட்டிக் கூரை மேல் கல்லும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அவராலும் வெள்ளத்தைக் கடந்து வந்து பாகு வைக்க முடியவில்லை.

பள்ளி திறந்த அன்று ஓடிப் போய்ப் பார்த்தோம். இரண்டு பெட்டிகளும் விழாமல் நின்றன. முதல் பெட்டி வாசலில் காவல் தேனீக்கள் நின்றன. இரண்டாம் பெட்டி வாசலில் ஒன்றுமில்லை. திறந்தால், உள்ளே அடிப்பலகையில் ஒரு கைப்பிடி அளவு தேனீக்கள் இறந்து கிடந்தன. சில, காலியான அறைகளுக்குள் தலையை விட்டபடியே செத்திருந்தன. மற்றவை ராணியோடு எங்கோ போய்விட்டிருந்தன. அடைகளில் ஒரு சொட்டுத் தேன் இல்லை. மூலையில் மெழுகுப் பூச்சி வலை பின்னத் தொடங்கியிருந்தது. எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். அவள்தான் பொருட்காட்சியில் பரிசை மேடையேறி வாங்கியவள்.

சில நாள் மழைக்கு ஒரு குடும்பம் ஏன் அழிய வேண்டும்? சிஸ்டர் விளக்கினார்கள். தேன் அவற்றுக்கு உணவு மட்டுமன்று, விறகும்கூட. குளிர்ந்த மழை நாளில் தேனீக்கள் நெருக்கமாகக் கூடி, சிறகை அசைக்காமலே சிறகுத் தசைகளை நடுங்க வைத்துச் சூடு உண்டாக்குகின்றன. அந்தச் சூட்டில்தான் புழுக்கள் பிழைக்கின்றன. நடுங்க நடுங்கத் தேன் செலவாகும். வெளியே போகவும் முடியாது; உள்ளே இருப்பும் இல்லை என்றால், நாட்டுத் தேனீ புழுவையும் அடையையும் விட்டுவிட்டுக் கூண்டோடு பறந்துபோகும். சுறுசுறுப்பான காலத்தில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம்தான். கோடையில் அந்தத் தேனைச் சேர்த்தவை கார்த்திகையைப் பார்க்கப் போவதில்லை. இன்னும் பிறக்காத தங்கைகளுக்காகச் சேர்த்து வைத்ததை நாங்கள் பாட்டிலில் அடைத்துவிட்டோம்.

எல்லாச் சாவும் பசியாலும் மழையாலும் வருவதில்லை என்றும் சிஸ்டர் சொன்னார்கள். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் ‘தாய் சாக் புரூட்’ என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, நாட்டுத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதியில் தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. அந்த நோயில் புழுக்கள் தண்ணீர் நிறைந்த பை போலாகி இறக்கும். எங்கள் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை என்று சட்டம் சட்டமாகப் பார்த்து உறுதி செய்தோம். காரணம் நாங்களேதான். இன்னொரு செய்தியும் அப்போதுதான் தெரிந்தது. தேனீ வளர்ப்போரின் பாதுகாவலர் புனித அம்புரோஸ். அவர் திருநாள் டிசம்பர் 7. நம் ஊரில் தேனீக்கு ஆபத்தான நேரத்தில்தான் அவரை நினைக்க வேண்டியிருக்கிறது!

மீதியிருந்த முதல் பெட்டியைக் காப்பது டிசம்பர் முழுதும் எங்கள் வேலையாயிற்று. வீடு அருகில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வு நாட்களிலும் மாலையில் பாகு வைத்தோம். மழை நாளில் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தால் சூடு போய்விடும். என்ன நடக்கிறது என்று அறிய ஆசை பொங்கும்; ஆனாலும் வாசலை மட்டும் பார்த்துவிட்டு வருவோம். காலில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம் சுமந்து வரும் தேனீக்களைக் கண்டால், உள்ளே புழு வளர்கிறது, ராணி நலம் என்று பொருள். டிசம்பர் கடைசியில் ஒரு வெயில் நாளில் அப்படி நான்கு தேனீக்களைக் கண்டபோது நாங்கள் கைதட்டியதை, மாடியிலிருந்து மதர் பார்த்து என்னவென்று விசாரித்தார்கள்.

தோட்டத்தின் கதை இனித்தான். வெள்ளத்தில் கத்தரியும் மிளகாயும் வேர் அழுகிப் போயின. வெண்டை தப்பவில்லை. மழை விட்டதும் பாத்திகளை உயர்த்திப் பூசணி விதை ஊன்றினோம். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் பூத்தது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று முன்னதாகவே இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் ஒட்டினால்தான் அது வளரும். இல்லையேல் மஞ்சளாகி உதிரும். இந்தப் பூ விடியலில் மலர்ந்து, முற்பகலிலேயே சுருங்கிவிடும். காற்றால் எடுத்துச் செல்ல முடியாதபடி அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. தேனீ பல தடவை வந்து போனால்தான் காய் ஒழுங்காகத் திரளும். குறைவாக வந்தால் ஒரு பக்கம் கோணும்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். பனி மூடிய காலைகளில் எங்கள் தேனீக்கள் எட்டு மணிக்கு மேல்தான் வெளியே வந்தன. பூ சுருங்க இரண்டு மணி நேரமே மிச்சம். பெட்டியும் ஒன்றுதான். முந்தைய ஆண்டு இரண்டு பெட்டிகள் இருந்தபோது கூடை கூடையாகக் காய்த்த அதே பாத்தியில், இந்த ஆண்டு பிஞ்சுகள் உதிர்ந்தன. ஆகவே பனி நாட்களில் நாங்களே தேனீயானோம். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினோம். ஏழு மணி மணியடிப்பதற்குள் நாலு பேர் சேர்ந்து இருபது பூக்கள்கூட முடிக்கவில்லை, இடுப்பு வலித்தது. நாங்கள் தொட்டவற்றில் பாதிக்கு மேல் காய்த்தது. இதை வைத்து, தேனீ குறைந்ததால்தான் காய் குறைந்தது என்று நோட்டில் எழுதினோம். சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “வெள்ளமும் வந்தது, பனியும் அதிகம், மண்ணும் கெட்டது. ஒரு வருஷக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்” என்றார்கள். எங்களுக்கு அது கொஞ்சம் வருத்தமே. ஆனாலும் அவர்கள் சொன்னது சரி. ஆகையால் அடுத்த ஆண்டும் அதே பாத்தியில் அதே விதையை ஊன்றிக் கணக்கெடுக்கும்படி ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் நோட்டை ஒப்படைத்திருக்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில், செப்டம்பருக்குப் பின் தேன் எடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். பக்கத்தில் தாத்தா சொன்னதையும் அவர் சொன்னபடியே எழுதினோம். படித்துக் காட்டியதும் அவர் வெட்கப்பட்டார்.

இப்போது மாசி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூத்துவிட்டது. பொதுத் தேர்வு நெருங்குவதால் தோட்டத்துக்கு அதிகம் போக முடிவதில்லை. சென்ற வாரம் முதல் பெட்டியைத் திறந்தபோது, மூன்றாம் சட்டத்தின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல ஒரு நீண்ட அறை தொங்கிக்கொண்டிருந்தது. அது புதிய ராணி வளரும் அறை. குடும்பம் பெருகி இரண்டாகப் பிரியப் போகிறது என்று அர்த்தம். இரண்டாம் பெட்டியைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உள்ளே பழைய மெழுகைத் தடவி அதே இடத்தில் வைத்திருக்கிறோம். பிரியும் கூட்டம் புறப்படுமுன் ஒற்றர்களை அனுப்பி வீடு பார்க்குமாம். நேற்றுக் காலை இரண்டு தேனீக்கள் அந்தக் காலிப் பெட்டியின் வாசலில் இறங்கி, உள்ளே போய், நெடுநேரம் கழித்து வெளியே வந்து பறந்தன. தாத்தா முக்காலியின் கிண்ணங்களுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.